தண்ணீர் இல்லாத படம்

போன மாதம் ஸ்டூடியோவிலிருந்து ஃபோன் வந்தது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்ற இடம் அது. கண்டி நகரத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது. அலுமாரியில் சும்மா கிடந்த பெரிய கமராவை விற்றுவிட்டார்களாம். "உங்களுக்குக் கவலையா இருக்குமோன்னு நினைச்சோம் அக்கா" என்றார்கள், இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள். எனக்கு ஒரு கவலையும் இல்லை. அந்தப் பெட்டியைச் சுமந்து சுமந்து என் வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. இனி வேறு யாராவது சுமக்கட்டும்.

"அவ்வளவு மெதுவான கமராவ வச்சுக்கிட்டு எப்படி அக்கா சமாளிச்சீங்க? ஒரு நாளைக்கு எத்தனை படம் எடுப்பீங்க?" என்று கேட்டார்கள்.

"சில நாள் ஒண்ணு. சில நாள் ஒண்ணும் இல்ல" என்றேன்.

சிரித்தார்கள். ஃபோனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அதுதான் இது.

நான் பன்விலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் கண்டியில் சித்தி வீட்டுக்கு வந்து, பாரூக் நானாவின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். எங்களுக்கு எல்லாருக்கும் முதலாளி அவர்தான், ஆனால் முதலாளி என்று கூப்பிட்டால் பிடிக்காது. நானா என்றுதான் கூப்பிட வேண்டும், அவர்கள் பேச்சில் அண்ணன். ஆரம்பத்தில் என் வேலை, கழுவி வந்த படங்களில் விழுந்திருக்கும் தூசிப் புள்ளிகளை மெல்லிய தூரிகையால் மை தொட்டு மறைப்பது. கல்யாணப் படங்களில் எத்தனையோ மணப்பெண்களின் நெற்றியில் என் மை இருக்கிறது. பிறகு கணினி வந்தது, அதையும் படித்துக்கொண்டேன். அதனால்தான் டிஜிட்டல் பேக் வந்தபோது, அதைக் கவனிக்கிற ஆளாக நானா என்னை வைத்துக்கொண்டார்.

டிஜிட்டல் பேக் என்றால் இப்போதுள்ளவர்களுக்கே விளங்குவதில்லை. பெரிய கமராக்களில் பின்பக்கம் தனியாகக் கழன்று வரும். முன்பு அந்த இடத்தில் ஃபிலிம் சுருள் போட்ட பெட்டியைப் பூட்டுவோம். பின்னர் அதே இடத்தில், தீப்பெட்டி அளவு மின்தகடு உள்ள ஒரு பெட்டியைப் பூட்டினோம். படம் அதில்தான் விழும். சாதாரண கமராவில் பூச்சி மாதிரித் தெரிகிற ஒரு ஆள், இதில் எடுத்துப் பெரிதாக்கினால் சட்டைப் பொத்தானோடு தெரிவார். பின்பக்கம் என்பதால் நாங்கள் அதை 'முதுகு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பஸ்ஸுக்காக நிற்கும்போது நானா சத்தமாக, "முதுகு பத்திரமா ஈக்கா புள்ள?" என்று கேட்பார், 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கு'தான். பக்கத்தில் நிற்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நானாவுக்குச் சோறு போட்டது கல்யாண வேலைதான். மனசு கிடந்தது மலையில். ஹோட்டல்களுக்கும் தேயிலைக் கம்பனிக் கலண்டர்களுக்கும் நிலக்காட்சி எடுக்கும் வேலை வந்தால், அந்த வாரம் அவர் முகமே வேறாக இருக்கும்.

எங்கள் வேலை முறை இப்படி. இருட்டு விலகுவதற்குள் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நானா ஸ்டாண்டை ஊன்றி, அதன் மூன்று காலையும் ஒவ்வொன்றாக மிதித்துப் பார்ப்பார். பிறகு மட்டம் காட்டும் குமிழியைப் பார்த்தபடி உதட்டை இறுக மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. குமிழி நடுவுக்கு வந்ததும் உதடு திறக்கும். நான் முதுகைப் பூட்டி, வயரை லப்டொப்பில் செருகி, வெளிச்சம் படாமல் ஒரு அட்டைப் பெட்டிக்குள் லப்டொப்பை வைத்து, தலைமேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு குந்துவேன். ஒரு கையில் குடை. குடை எனக்கல்ல, கமராவுக்கு.

அகலமான படம் வேண்டுமென்றால் லென்ஸை அசைக்காமல் முதுகை மட்டும் இடப்பக்கம் தள்ளி ஒன்று, நடுவில் ஒன்று, வலப்பக்கம் தள்ளி ஒன்று என மூன்று எடுத்து, பிறகு கணினியில் ஒட்ட வேண்டும். அப்படித் தள்ளும்போது படத்தின் ஒரு ஓரம் பச்சையாகவும் மறு ஓரம் ரோஸ் நிறமாகவும் போய்விடும். அதைச் சரி செய்ய, ஒவ்வொரு படத்துக்கும் பிறகு லென்ஸுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தகட்டைப் பிடித்து வெறுமையாக ஒன்று எடுப்போம். தகடு பிடிப்பதும் நான்தான். கை நடுங்கினாலும் பரவாயில்லை, தகட்டில் விரல் அடையாளம் இருக்கக் கூடாது.

எல்லாம் தயாரானதும் நானா ஒரு கேள்வி கேட்பார்.

"என்ன ஆடுது?"

நான் இடமிருந்து வலமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். "மூங்கில் ஆடுது. பள்ளத்துல வாழை கொஞ்சம். ரோட்டுல ஒரு ஆள் வாறாரு."

"போகட்டும்" என்று காத்திருப்பார். காற்று நிற்க வேண்டும், ஆள் போய்விட வேண்டும், பஸ் திரும்பி மறைய வேண்டும். ஒன்றும் ஆடவில்லை என்று நான் சொன்ன பிறகுதான் அவர் விரல் அழுத்தும். சில நாள் அந்த நேரம் வருவதற்குள் வெயில் ஏறிவிடும். முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் அடுக்குவார். "மலை ஓடிப் போகாது" என்பார். வரும் வழியில் ரொட்டி வாங்கித் தருவார்.

ஒரு தடவை ஹுன்னஸ்கிரியப் பக்கம் கலண்டருக்குப் படம் எடுத்தோம். தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே ஒரு லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, அதன் முன்னால் நீளமாகக் கொடியில் துணி. நானாவுக்கு அந்தத் துணி இடைஞ்சலாக இருந்தது. "நீ போய்க் கேளு புள்ள, ஒங்கட ஆளுகதானே" என்றார். இறங்கிப் போய்க் கேட்டேன். இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண், "எங்க துணி ஒங்கள என்ன செஞ்சிச்சு?" என்று கேட்டாள். இருந்தாலும் அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நான் ஏறி வந்து படம் எடுத்து முடிக்கும் வரை அப்படியே வாசலுக்குள் நின்றாள். ஈரத் துணி. கலண்டர் அழகாக வந்தது.

இனி, நான் சொல்ல வந்த வேலைக்கு வருகிறேன்.

கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்தம் செய்கிற டயலிசிஸ் பகுதியைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் ஒரு நீளமான அறை. யன்னல் கிடையாது. கட்டில்கள் வரிசையாக, எல்லாம் ஒரு பெரிய வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி. அந்தச் சுவர் முழுக்க ஒரு இயற்கைக் காட்சி ஒட்டிக் கொடுக்கத் தியாகராஜா முதலாளி முன்வந்தார். நகரத்தில் புடைவைக் கடை வைத்திருப்பவர். அவருடைய மனைவி கமலம் அம்மா சிறுநீரக நோயில்தான் காலமானார். அவர் நினைவாகச் செய்கிற காரியம்.

முதலாளி ஸ்டூடியோவுக்கு வந்து, நாங்கள் எடுத்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு நீர்வீழ்ச்சிப் படம் வந்ததும் நிறுத்திவிட்டார். காட்டுக்குள், பாறை மேலிருந்து ஒரே வீச்சாக விழுகிற தண்ணீர், சுற்றிலும் பனிப்புகை. நானா எடுத்ததிலேயே ஆகச் சிறந்த படம் அது. அதற்காக அட்டைக்கடியோடு எத்தனையோ காலைகள் காத்திருந்தோம்.

"இதுதான்" என்றார் முதலாளி. "வேற பாக்க வேணாம்."

பெரிய பெரிய துண்டுகளாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். திறப்பு விழாவில் டாக்டர்மார் எல்லாரும் பாராட்டினார்கள். நானா வெள்ளைத் தொப்பியைச் சரி செய்துகொண்டு ஒரு மூலையில் நின்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக நின்று நான் பார்த்ததில்லை.

சில நாள் கழித்து, ஒட்டின இடங்கள் ஏசிக் குளிரில் விலகியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன். படத்தின் நடுவில், கூரைக்குக் கீழே ஒரு கயிறு கட்டி, அதில் ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் விழுகிற இடம் மட்டும் மறைந்திருந்தது. இரண்டு பக்கமும் காடு மட்டும் தெரிந்தது.

அங்கே பொறுப்பாக இருந்தவர் தர்ஷினி மிஸ், யாழ்ப்பாணத்துத் தாதி. என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. படம் நல்ல வடிவு. ஆனா இவைக்குத் தண்ணி விருப்பத்துக்குக் குடிக்கேலாது. குடிச்சா உடம்பில நிண்டிடும். நாளுக்கு இவ்வளவு எண்டு அளந்துதான் குடிக்கினம். இதைப் பாக்கப் பாக்கத் தாகமாக் கிடக்கு எண்டு சொல்லிச்சினம். சில பேர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்து கழுத்து நோ வந்திட்டுது. அதுதான் நான் கட்டினனான்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், குழாய் செருகியிருந்த கையை அசைக்காமல் (அசைந்தால் மெசின் கத்தும்) தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். பெயர் சந்திரன். கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய வழியாக ஓடுகிற தனியார் பஸ்ஸில் சாரதியாக இருந்தவர்.

"நீங்க எடுத்த படமா தங்கச்சி?"

"எங்க நானா எடுத்தது. நான் கூட இருந்தேன்."

"கோவிச்சுக்காதீங்க. படம் நல்லா இருக்கு. அதுதான் கரைச்சலே. எனக்குச் சத்தங்கூடக் கேக்குது."

அவருக்கு அடுத்த கட்டிலில் கலகெதரையிலிருந்து வருகிற குசுமா அக்கா. சந்தையில் மரக்கறி விற்பவர். அவர் சிங்களத்தில் சொன்னார்: மெசினில் போய்த் திரும்பி வருகிற இரத்தம் உடம்பைக் குளிர்விக்கிறது, அதோடு அந்தப் பனியையும் பார்த்தால் இரண்டு போர்வை போதவில்லை.

நான் ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து, நானாவிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் மாடிப்படியில் நின்றேன். பிறகு போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"பெட்ஷீட்டா?"

"ஆமா நானா."

"எந்த எடத்துல?"

"நடுவுல. தண்ணி விழுற எடத்துல."

"சரியான எடத்துலதான் கட்டீக்காங்க" என்றார். லென்ஸை மூடி வைத்தார்.

மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்குப் போனார். தர்ஷினி மிஸ்ஸிடம் அனுமதி கேட்டு, நோயாளிகளைப் பார்க்க வருபவர்களுக்குப் போடுகிற கதிரை ஒன்றைச் சந்திரன் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, மெசின் ஓடி முடிகிற நாலு மணித்தியாலமும் அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் போயிருந்தேன். ஒரு முறை எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போகலாமா என்று கேட்டேன். கட்டில்களைக் கண்ணால் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார்.

வெளியே வந்ததும் சொன்னார்: "தண்ணி மட்டும் இல்ல புள்ள. அந்தப் படம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சு போகுது. அதுக்குப் பொறகு பாக்க ஒண்ணும் இல்ல. நான்தானே எல்லாத்தையும் வெளியில போகட்டும் போகட்டும்னு காத்துக்கொண்டு ஈந்தேன். அவங்களுக்கு நாலு மணித்தியாலம் ஈக்கி. வாரத்துல மூணு நாள். முடியாத படம் ஒண்டு வேணும்."

அதற்கு முன் தியாகராஜா முதலாளியிடம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மனைவி பெயரில் செய்த காரியம். இருவரும் கடைக்குப் போனோம். கடையின் பின்பக்கம், துணிக் கட்டுகளுக்கு நடுவில் எங்களை உட்கார வைத்தார். நானா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

முதலாளி முதலில் கோபப்படவும் இல்லை, சமாதானமாகவும் இல்லை. மேசை மேல் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டினார், விரித்தார்.

"பெட்ஷீட் போட்டா மூடியிருக்காங்க?"

"ஆமாங்க ஐயா."

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியாம்மா, இந்த வருத்தக்காரங்க தண்ணி குடிக்கக் கூடாதுன்னு? அவளுக்கு நான்தானே அளந்து குடுத்தேன். ராத்திரியில எழும்பி, ஒரு வாய் தாங்க, ஒரே ஒரு வாய்னு கேப்பா. மாட்டேன்னு சொல்லுவேன். டாக்டர் சொன்னத மீறக் கூடாதுல்ல. கடைசி நாளும் கேட்டா. கடைசி நாளும் குடுக்கல." நாடாவை மேசையில் வைத்தார். "ஒங்க ஸ்டூடியோவுல அந்தப் படத்தப் பாத்தவுடனே, இந்தா குடி, வேணுங்கிற மட்டும் குடின்னு அவகிட்ட சொல்ற மாதிரி இருந்துச்சு. மத்தவங்களப் பத்தி யோசிக்கல."

கடைப் பையன் ஏதோ துணி கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். முதலாளி அவனைக் கையால் அனுப்பிவிட்டார். நானா தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவரும் எங்களோடு வந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கினார். மனைவியின் வைத்தியத்துக்குப் பிறகு, விழாவைத் தவிர அந்தப் பக்கம் வந்ததில்லையாம். சந்திரன் அண்ணனுக்கு அவர் யாரென்று தெரியாது.

"ஒங்களுக்கு யாரு ஐயா இருக்காங்க இங்க?" என்று கேட்டார்.

"இருந்தாங்க" என்றார் முதலாளி.

சந்திரன் அண்ணன் விளங்கிக்கொண்டார். "நான் ஒரு கிராம்ப வாயில வச்சுக்குவேன் ஐயா. அது கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்" என்றார்.

"அவ ஏலக்கா வச்சுக்குவா."

"ஏலக்கா எனக்குச் சரி வரல்ல. கூடத் தாகம் எடுக்குது."

அப்படியே இருவரும் எலுமிச்சம்பழத் துண்டைப் பற்றி, ஐஸ் கட்டியைப் பற்றி, உப்பில்லாத கறியை எப்படித் தின்பது என்பதைப் பற்றி வெகு நேரம் பேசினார்கள். தன் மனைவி போன பிறகு இதையெல்லாம் பேச முதலாளிக்கு ஆள் கிடைத்திருக்காது. புறப்படும்போது நானாவிடம் சொன்னார்: "கழட்டிடுங்க நானா. அதை என் வீட்டுக்கு அனுப்புங்க. இங்க வேற ஒண்ணு எடுத்துப் போடுங்க."

"என்ன மாதிரி வேணும் முதலாளி?"

"எங்கிட்ட கேக்காதீங்க. இவங்ககிட்ட கேளுங்க."

கேட்டோம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவருக்கு ரோடு வேண்டும். குசுமா அக்காவுக்கு வெயில் வேண்டும். ஒருவருக்கு ஆட்கள் வேண்டும், ஆனால் இங்கே உள்ளவர்களைப் பார்க்கிற மாதிரி நிற்கக் கூடாது, தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். எல்லாரும் ஒன்றாகச் சொன்னது, தண்ணீர் வேண்டாம் என்பதுதான்.

கண்டியைச் சுற்றித் தண்ணீர் இல்லாத காட்சி தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. நகரத்தில் எந்த மேட்டில் ஏறினாலும் குளம் தெரிகிறது. குளத்தை விட்டுத் திரும்பினால் மகாவலி ஆறு. கலகெதரைக்குப் போனால் வயலில் தண்ணீர் நின்று வானத்தைக் காட்டுகிறது. பன்விலையில் எங்கள் தோட்டத்துக்கே நானாவைக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு ஓடை. தெல்தெனியாவுக்கு மேலே அருமையான ஒரு இடம் கிடைத்தது என்று ஸ்டாண்டை ஊன்றினோம், பனி விலகியதும் கீழே நீர்த்தேக்கம் பளபளவென்று கிடந்தது. நானா சிரித்துவிட்டார். "இந்த ஊர்ல தண்ணிக்குப் பஞ்சமே இல்ல புள்ள."

கடைசியில் பங்குனி வெயிலில், ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் ஒரு மேட்டில் இடம் அமைந்தது. எதிரே ஒரு பெரிய சரிவு. மேலே காய்ந்த புல்மலை, நடுவில் தேயிலை, லயங்கள், ஒரு சிறு கோயில், கீழே கடைகள், எல்லாவற்றுக்கும் ஊடாக வளைந்து வளைந்து ரோடு. ஓடை எல்லாம் அந்த மலைக்குப் பின்னால் ஓடியது.

வழக்கம்போல நானா குமிழியைப் பார்த்தார், உதட்டை மூடினார், திறந்தார். நான் துணிக்குள் குந்தினேன்.

"என்ன ஆடுது?"

"லயத்துல துணி காயுது. ஒருத்தர் கூரை மேல ஏறி நிக்கிறாரு. கோயில் வாசல்ல பிள்ளைங்க. மேல ரோட்டுல ஒரு பஸ் வருது."

பழக்கதோஷத்தில் அவர் வாயில் "போகட்டும்" என்று பாதி வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டார். காலமெல்லாம் ஒன்றும் ஆடாத நேரத்துக்காகக் காத்திருந்த மனுஷன்.

"ஈக்கட்டும்" என்று அழுத்தினார்.

முதுகை இடப்பக்கம் தள்ளி ஒன்று; தகடு. நடுவில் ஒன்று, தகடு. வலப்பக்கம் ஒன்று, தகடு. ஸ்டூடியோவில் மூன்றையும் ஒட்டிப் பார்த்தால், ஒரே பஸ் இரண்டு இடத்தில் இருந்தது. இடப்பக்கப் படம் எடுத்தபோது மேல் வளைவில் இருந்த பஸ், வலப்பக்கம் எடுப்பதற்குள் கீழ் வளைவுக்கு இறங்கி வந்துவிட்டது. தொழில் முறைப்படி ஒன்றை அழிக்க வேண்டும். நான் அழிக்கத் தொடங்கினேன்.

"வேணா புள்ள. கண்டுபிடிக்கட்டும்" என்றார் நானா.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன், படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி மூலைமூலையாகத் தேடினேன். வாளி, குழாய், குட்டை, ஒரு துளி மினுக்கம் எதுவும் இல்லை என்று பார்த்து நானாவுக்குச் சொன்னேன். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை தேடினார்.

பழைய படத்தைக் கழற்றிப் புதியதை ஒட்டினோம். ஒட்டிய அன்று யாரும் பாராட்டவில்லை. பிறகுதான் பார்த்தேன், எல்லாரும் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள், பேப்பர் படிக்கிற மாதிரி.

முதலில் வாய் திறந்தது சந்திரன் அண்ணன். "தங்கச்சி, மேல போற பஸ்ஸும் கீழ போற பஸ்ஸும் ஒரே வண்டி. எனக்குத் தெரியும். அது நான் ஓட்டின வண்டி. முன்னுக்கு அந்த மஞ்சப் பட்டிய நான்தான் அடிச்சேன்."

"எப்படி அண்ணே ஒரே வண்டி ரெண்டு எடத்துல நிக்கும்?" என்றேன்.

"அதுதான் கேக்குறேன். நான் ஓட்டும்போது அவ்வளவு வேகமா ஓட்டினதில்ல."

அதன் பிறகு நான் மாதத்தில் ஒன்றிரண்டு முறை போய்ப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக எதையாவது கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். கூரை மேல் நிற்பவர் தகரம் அடிக்கிறாரா, டீவிக்குக் கம்பி கட்டுகிறாரா என்று ஒரு வாதம். கொடியில் காய்கிற துணியை வைத்து அந்த வீட்டில் எத்தனை பேர் என்று குசுமா அக்கா கணக்குச் சொன்னார். கைக்குழந்தை இருக்கிறது என்றார். முதலாளியும் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து உட்காரத் தொடங்கினார். சிங்களத்தில் சொல்வதைத் தமிழிலும் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் மாற்றிச் சொல்வது அவர் வேலை.

பெரிய வாதம் ஒரு கறுப்புப் புள்ளியைப் பற்றி வந்தது. கோயிலுக்கு மேலே, தேயிலைக்கும் புல்லுக்கும் நடுவில் இருந்தது. குசுமா அக்கா அது ஒரு பெண், களைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்றார். சந்திரன் அண்ணன் பாறை என்றார். வேறொருவர் பன்றி என்றார். என்னிடம் கேட்டார்கள். நான் ஸ்டூடியோவில் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கமராவுக்கும் ஒரு எல்லை உண்டு. அதற்கு மேல் பெரிதாக்கினால் வெறும் கட்டங்கள்தான். தெரியவில்லை என்று வந்து சொன்னேன். அவர்களுக்கு அது ஏமாற்றமாக இல்லை. இன்னும் உற்சாகமாக வாதாடினார்கள்.

சந்திரன் அண்ணனோடு முன்பு பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர் அவரைப் பார்க்க வருவார். ஒரு நாள், "நான் போற வழிதானே, எறங்கிப் பாத்துட்டு வந்து சொல்றேன் அண்ணே" என்று சொல்லிப் போனார். அவர் திரும்பி வந்த அன்று நானாவும் நானும் அங்கே இருந்தோம். முதலாளியும் இருந்தார். கதவைத் திறந்து அவர் உள்ளே வந்ததும் எல்லாக் கட்டிலிலிருந்தும் தலைகள் திரும்பின.

"பாறைதானே?" என்றார் சந்திரன் அண்ணன்.

"பாறையும் இல்ல அண்ணே. ஆளும் இல்ல."

"பின்ன?"

அவர் எங்களையும் நோயாளிகளையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லவா வேண்டாமா என்று இருந்தது அவர் முகம்.

"தண்ணி டாங்கி. பெரிய கறுப்பு பிளாஸ்டிக் டாங்கி. லயத்துக்கெல்லாம் அதுலயிருந்துதான் தண்ணி போகுதாம்."

முதலாளி தாழ்ந்த குரலில் குசுமா அக்காவுக்குச் சிங்களத்தில் சொன்னார். நானா தரையைப் பார்த்தார். நான் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். அத்தனை மலை ஏறி இறங்கி, அத்தனை தேடி, படத்துக்கு நடுவிலேயே ஒரு டாங்கித் தண்ணீரைக் கொண்டு வந்து வைத்திருக்கிறோம்.

சந்திரன் அண்ணன் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மூடி போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கு அண்ணே."

"அப்ப இருக்கட்டும்."

முதலில் சிரித்தது முதலாளி. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மொழி பெயர்க்க முயன்று, முடியாமல், மறுபடி சிரித்தார். குசுமா அக்கா பாதியிலேயே விளங்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, அவருடைய மெசின் கீக்கீயென்று கத்தத் தொடங்கியது. தர்ஷினி மிஸ் அந்த மூலையிலிருந்து ஓடி வந்தார்.

"கையை ஆட்டாதேங்கோ. அம்மா, கையை ஆட்டாதேங்கோ."

சொல்லிக்கொண்டே அவரும் சிரித்துவிட்டார். அந்த மெசினை நிறுத்துவதற்குள் அடுத்த கட்டிலில் இன்னொன்று கத்தத் தொடங்கியது.